உத்தியோகத்துக்கு வந்தார், ஊரின் பாட்டை மீட்டுத் தந்தார்

95 ஆண்டு வாழ்ந்த சங்கீத பிதாமகர் செம்மங்குடியைத் திருவனந்தபுரம் மறக்கவில்லை

திருவனந்தபுரம் ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவராகம். லட்சுமி வராகமூர்த்தி கோயிலும், அதையொட்டிய பெரிய திருக்குளமும் அந்தப் பகுதிக்குப் பெயரும் பெருமையும் தந்தவை. கோட்டைக்ககம், வலியசாலை, கரமனை போலவே இங்கும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் உத்தியோகத்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் வந்து, இந்த ஊரையே சொந்த ஊராக்கிக் கொண்டவர்கள் அவர்கள்.

இக்குடும்பங்களில் பழைய தலைமுறைத் தகப்பனார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விஷயங்கள் கட்டாயம் வரும். ஒன்று உழைப்பு, மற்றொன்று சங்கீதம். விடியுமுன் குளித்து, பூஜை முடித்து, பத்து மணிக்கு ஆபீசில் இருப்பார்கள். மாலையில் வீடு திரும்பியதும் காப்பி. பிறகு வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து தொடையில் தாளம். நவராத்திரி வந்துவிட்டால் ஒன்பது நாளும் வேட்டி, மேல்துண்டோடு கோட்டைக்கு நடை. சம்பளம் சொற்பமானாலும் சங்கீதம் கேட்பதில் அவர்கள் சிக்கனம் பார்த்ததில்லை.

அந்த அப்பாக்களெல்லாம் தங்களுக்கும் ஒரு தகப்பனைப் போல மதித்துப் போற்றிய வித்வான் ஒருவர் இருந்தார். அவரும் அவர்களைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து இங்கே உத்தியோகத்துக்கு வந்தவர்தான். மாதச் சம்பளம் வாங்கியவர்தான். 55 வயதில் ஓய்வு பெற்றவர்தான். ஆனால் ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்தது இன்னும் 40 ஆண்டுகள். அந்த நாற்பதிலும் அவர் பாட்டை விடவில்லை. அவர்தான் சங்கீத பிதாமகர் என்று இசையுலகம் கொண்டாடிய செம்மங்குடி ஸ்ரீநிவாச அய்யர்.

குரல் கொடுத்து வைக்கவில்லை

1908ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி, தஞ்சை ஜில்லாவில் காவிரிக் கரையிலுள்ள திருக்கோடிக்காவலில் பிறந்தார் ஸ்ரீநிவாச அய்யர். தந்தை ராதாகிருஷ்ண அய்யர், தாய் தர்மாம்பாள். தாய்மாமன் திருக்கோடிக்காவல் கிருஷ்ண அய்யர் அந்நாளில் பெரும் புகழ் பெற்ற பிடில் வித்வான். மாமனின் நிழலில் வளர்ந்த குழந்தைக்கு அந்த நிழல் நீடிக்கவில்லை. சிறு வயதிலேயே மாமன் காலமானார். பிறகு பையன் செம்மங்குடி கிராமத்துக்கு வந்து சேர்ந்தான்.

இவ்வளவு பெரிய சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவருக்குப் பிறவியிலேயே நல்ல சாரீரம் அமைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது அமையவில்லை. குரல் கரகரத்தது, மூக்கிலும் ஒலித்தது. "இந்தப் பையன் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு வாத்தியம் எதையாவது பழகட்டும்" என்று சொன்னவர்களும் உண்டு.

பையன் விடவில்லை. எட்டு வயதில் ஒன்றுவிட்ட சகோதரர் செம்மங்குடி நாராயணசுவாமி அய்யரிடம் பாடம் ஆரம்பம். பிறகு திருவிடைமருதூர் சகாராம ராவிடம் சிட்சை. சகாராம ராவ் கோட்டுவாத்திய வித்வான். கோட்டுவாத்தியத்தில் மெட்டுகள் கிடையாது; தந்தியின் மீது கட்டையை வழுக்கி வாசிக்க வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகும் வழி முழுவதும் அதில் காதில் விழும். அந்தக் குழைவைத் தொண்டையில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பையனுக்குக் கிடைத்த பாடம். தம் சங்கீத வாழ்வின் திருப்புமுனை அந்தக் குருகுலவாசம்தான் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

அதன் பின் உமையாள்புரம் சுவாமிநாத அய்யர். தியாகராஜ சுவாமிகளின் நேர் சிஷ்ய பரம்பரையில் வந்தவர். அதற்கும் பின் மகாராஜபுரம் விசுவநாத அய்யர்; கற்பனை ஊற்றெடுக்கும் பாட்டுக்குப் பேர் போனவர். இத்தனை குருமார்களிடம் கற்றதை இணங்காத தொண்டையில் ஏற்றுவதற்கு இருந்த ஒரே வழி அகார சாதகம். விடியற்காலையில் எழுந்து, வார்த்தை எதுவும் இல்லாமல் "ஆ" என்ற ஒரே ஒலியில் மூன்று காலத்திலும் ஸ்வர வரிசைகளைப் பாடுவது அது. கேட்பவருக்கு அதில் எந்தச் சுவையும் இராது. பாடுபவருக்கு மூச்சும் நாளும் போகும். அதை மாதக் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில் செய்தார் ஸ்ரீநிவாச அய்யர்.

1926இல் கும்பகோணத்தில் முதல் கச்சேரி, வயது 18. அடுத்த ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத விழாவில் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. சென்னை மியூசிக் அகாடமி பிறப்பதற்குக் காரணமாக இருந்ததும் அதே விழாதான். அன்று முதல் செம்மங்குடி என்ற ஊர்ப் பெயரே அந்த மனிதரின் பெயராகிவிட்டது.

அவர் குரல் கடைசி வரை இனிமையான குரல் என்று சொல்லத்தக்கதாக மாறவில்லை. ஆனால் கச்சேரி தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியாது; ராகம் மட்டுமே மண்டபத்தில் நிற்கும். குறையுள்ள கருவியை வைத்துக்கொண்டு குறையில்லாத வேலை செய்வது எப்படி என்பதற்கு அவர் பாட்டே சாட்சி.

திருவிதாங்கூர் அழைத்தது

தமிழ்நாட்டு வித்வான்களுக்குத் திருவனந்தபுரம் புதிய இடமல்ல. 19ஆம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். அவருக்கு 1834இல் மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார் என்பது சங்கீத உலகம் அறிந்த செய்தி. பாபநாசம் சிவனும் தந்தையை இழந்த சிறுவனாக, 1899இல் தாயாருடன் இந்த ஊருக்கு வந்தவர்தான். இங்கேதான் படித்தார், இங்கேதான் நீலகண்ட சிவனின் பஜனைப் பாட்டில் தோய்ந்தார்.

சுவாதித் திருநாள் பிறந்தது 1813இல், மறைந்தது 1846இல். 33 ஆண்டு வாழ்வுக்குள் நானூறுக்கும் மேற்பட்ட உருப்படிகளை இயற்றியவர் என்று போற்றப்படுகிறார். சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் கீர்த்தனை, வர்ணம், பதம், தில்லானா என்று எல்லா வகையும் அவற்றில் உண்டு. ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு நூறாண்டு ஆவதற்குள் அந்தச் செல்வத்தில் பெரும் பகுதி மூடிக் கிடந்தது. சாகித்யம் ஏட்டில் இருக்கும். மெட்டு யாருக்கும் தெரியாது. அரண்மனைப் பாடகர் குடும்பமான முல்லமூடு பாகவதர்களிடமும் இன்னும் சிலரிடமும் ஒரு பகுதி வாய்மொழியாக எஞ்சியிருந்தது.

சங்கீதத்தில் வாய்மொழி என்பது ஆபத்தான கிடங்கு. தெரிந்தவர் ஒருவர் கண்ணை மூடினால் அவரோடு பத்துப் பாட்டுகள் போய்விடும். இதை உணர்ந்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் தாயார், அம்மா மகாராணி சேது பார்வதி பாயி. அவரே வீணை வாசிப்பவர். இப்பணிக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 1939இல் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி தொடங்கப்பட்டபோது முதல் பிரின்சிபாலும் அவரே. செம்மங்குடியின் பாட்டைக் கேட்டு மதித்த மகாராணி அவரையும் இப்பணிக்கு அழைத்தார். முத்தையா பாகவதருக்குப் பின் அகாடமியின் பிரின்சிபால் பொறுப்பும் செம்மங்குடியிடம் வந்தது.

அப்போது அவருக்கு வயது முப்பதுக்குச் சற்று மேல். மேடையில் பேரும் புகழும் ஏறிக்கொண்டிருந்த நேரம். சென்னையில் வீடு பார்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வேறு சமஸ்தானத்தில் மாதச் சம்பள உத்தியோகத்தை ஏற்றார். அன்று சென்னையிலிருந்து திருவனந்தபுரம் வருவதென்றால் செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து வந்த மீட்டர் கேஜ் பாதைதான். கொல்லம் வரை 1904இலும், அங்கிருந்து திருவனந்தபுரம் சாலை வரை 1918இலும், தம்பானூரில் இன்றுள்ள நிலையம் வரை 1931இலும் வந்து சேர்ந்த பாதை அது. சீசன் கச்சேரிக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் அவ்வளவு தூரமும் போய்த் திரும்ப வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த அலைச்சலை விளக்க வேண்டியதில்லை.

மேஜையில் நடந்த தவம்

கச்சேரி செய்பவருக்குக் கைதட்டல் உடனே கிடைக்கும். செம்மங்குடி இங்கே ஏற்ற வேலைக்குக் கைதட்டுவார் யாரும் இல்லை. பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களைப் பாடச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருவர் பாடுவதும் மற்றவர் பாடுவதும் மாறுபட்டால் எது பொருத்தமானது என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு சாகித்யத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் மேலே ஸ்வரத்தை எழுத வேண்டும். தாளத்தின் அங்கங்களைக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இழுக்க வேண்டிய இடம், கமகம் கொடுக்க வேண்டிய இடம், சங்கதிகள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். ஒரு பதிவேட்டில் ஒரு எண் மாறினால் கணக்கே தவறிப்போவதை குமாஸ்தாக்கள் அறிவார்கள். ஸ்வரக் குறிப்பிலும் அப்படியே. ஒரு ஸ்வரம் மாறினால் ராகமே மாறிவிடும்.

மெட்டே கிடைக்காத சாகித்யங்களுக்கு என்ன செய்வது? அவற்றுக்குப் பொருத்தமான ராகத்தில் புதிதாக வர்ணமெட்டு அமைக்கும் வேலையும் முத்தையா பாகவதருக்கும் செம்மங்குடிக்கும் வாய்த்தது. இதில் மிகப் பிரசித்தமானது "பாவயாமி ரகுராமம்". ராமாயணம் முழுவதையும் ஒரே பாட்டில் சொல்லும் இக்கீர்த்தனை முன்பு சாவேரி ராகத்தில் மட்டும் பாடப்பட்டு வந்தது. பல்லவியைச் சாவேரியிலேயே நிறுத்தி, ஆறு சரணங்களையும் நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்யமாவதி என்று ராகமாலிகையாக்கினார் செம்மங்குடி. அதை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார், நாடு முழுவதும் பரவியது. இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது, அது திருவனந்தபுரத்து மேஜை ஒன்றில் உருவான வேலை என்று நினைப்பவர்கள் எத்தனை பேர்?

சுவாதியின் உருப்படிகள் எவை, மெட்டுகள் எவ்வளவு பழமையானவை என்பது பற்றிப் பிற்காலத்தில் வாதப் பிரதிவாதங்கள் எழாமல் இல்லை. 1980களில் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் கடுமையாகவே கேள்வி எழுப்பினார். அறிஞர் பலர் பதில் கூறினார்கள். சர்ச்சை ஒரு புறம் இருக்க, ஸ்வரப்படுத்தி அச்சேறிய பாட்டுகள் மேடைகளில் நிலைத்துவிட்டன. ஏட்டில் உறங்கிய பாட்டு வாய்க்கு வந்துவிட்டது.

இடையில் ஆட்சிகள் மாறின. அவர் பொறுப்பேற்றது மகாராஜா ஆண்ட திருவிதாங்கூரில். 1949இல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1இல் கேரளம் பிறந்தது. கன்னியாகுமரி ஜில்லா அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. கொடி மாறியது, முத்திரை மாறியது, சம்பளப் பட்டியலின் தலைப்பு மாறியது. பாட்டு வகுப்பு மாறவில்லை.

பாடம் சொன்ன கண்டிப்பு

தைக்காட்டிலுள்ள அந்த நிறுவனம் இன்று சுவாதித் திருநாள் அரசு இசைக் கல்லூரி என்று வழங்குகிறது. கானபூஷணம், கானப்பிரவீண என்ற பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் சங்கீத ஆசிரியர்களைக் கேரளம் எங்கும் காணலாம். தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்களிலும் காணலாம். அவர்களில் மூத்த தலைமுறையினர் பலர் செம்மங்குடியின் காலத்தில் உருவானவர்கள்.

அவர்களுள் தனியாகச் சொல்லவேண்டிய பெயர் பாறசாலை பொன்னம்மாள். பெண்கள் சங்கீதத்தை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அகாடமியில் சேர்ந்து, தேர்ச்சி பெற்று, அங்கேயே ஆசிரியையும் ஆனவர் அவர். கே.ஜே. யேசுதாஸும் இளமையில் சிறிது காலம் இங்கே பயின்றவர். பண வசதி இல்லாததால் படிப்பை முடிக்க முடியாமற் போயிற்று என்பது அவர் வரலாற்றில் வரும் செய்தி.

பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிவைத்த தகப்பனார்களைப் பற்றிப் பேசும் இடத்தில் திருப்பூணித்துறை ஏ. நாராயண அய்யரையும் நினைக்க வேண்டும். தாமே வயலின் வித்வானாக இருந்து, மகனையும் மகளையும் கண்டிப்போடு சாதகம் செய்ய வைத்தவர். மகன்தான் வயலின் மேதை டி.என். கிருஷ்ணன், மகள் இந்துஸ்தானி வயலினில் புகழ் பெற்று, காசி இந்து சர்வகலாசாலையில் பேராசிரியையாக விளங்கிய என். ராஜம். தகப்பனார் ஊன்றிய விதைக்குத் தண்ணீர் விட்டவர்களில் செம்மங்குடியும் ஒருவர். இளம் கிருஷ்ணனின் வித்தையைக் கண்டு ஆதரித்து, பெரிய மேடைகளில் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். பெற்றவர் கற்றுக்கொடுத்ததை உலகத்துக்குக் காட்டிக்கொடுக்க இன்னொரு தகப்பன் வேண்டியிருக்கிறது.

1947இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. வயது 39. 1953இல் சங்கீத நாடக அகாடமி விருது. இந்த இரண்டும் அவர் திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தபோதே வந்தவை. சிஷ்யர்களுக்குப் பாடம் சொல்லிவிட்டுத் தம் சாதகத்தைத் தள்ளிப்போட்டவராக அவர் இருந்திருந்தால் இவை வந்திரா.

நவராத்திரி மண்டபம்

ஸ்ரீவராகத்து ரசிகர்களுக்கு அவரை நேரில் கேட்கக் கிடைத்த பெரிய சந்தர்ப்பம் நவராத்திரி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னூற்று நங்கையும் ஊர்வலமாக இங்கே எழுந்தருளுவது வழக்கம். அந்தச் சரஸ்வதி கம்பர் பூஜித்தது என்பது ஐதீகம். மூன்று ஊர்களும் இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன. மாநில எல்லை 1956இல் மாறிய பிறகும் தெய்வங்கள் ஆண்டுதோறும் எல்லை தாண்டி வருவது நிற்கவில்லை.

கோயிலுக்கு அருகே கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் முன்னால் ஒன்பது நாள் மாலையும் கச்சேரி. முதலில் முல்லமூடு பாகவதர்கள் தோடய மங்களம் பாடுவார்கள். அதன் பின் வித்வான். ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒரு கீர்த்தனை என்று விதித்திருக்கிறது. முதல் நாள் சங்கராபரணம், பிறகு முறையே கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி. ஒன்பதாம் நாள் ஆரபி. தானம் பாடும்போது மிருதங்கமும் சேர்ந்து வாசிப்பது இம்மண்டபத்துக்கே உரிய சம்பிரதாயம். இங்கே கைதட்டக் கூடாது. இது தேவிக்கு நடக்கும் பூஜை. ரசிகன் அருகிலிருந்து கேட்பவன் மட்டுமே.

கைதட்டல் இல்லாத அந்த மண்டபத்தில் செம்மங்குடியின் தோடியும் பைரவியும் எத்தனையோ ஆண்டுகள் ஒலித்தன. ஓய்வு பெற்றுச் சென்னைக்குப் போன பின்பும் நவராத்திரிக்கு அவர் இங்கே வந்து பாடினார். மழை பிடித்துக்கொண்ட மாலையிலும் குடையோடு நடந்து வந்து, தூணோரத்தில் இடம் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அநேகம். ராகத்தின் இலக்கணம் அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். இன்று தோடி நன்றாக அமைந்ததா இல்லையா என்பதை மட்டும் வீடு திரும்பும் வழியில் தீர்ப்பாகச் சொல்லிவிடுவார்கள்.

வர முடியாதவர்களுக்கு வானொலி இருந்தது. 1943இல் சமஸ்தானத்தின் சொந்த நிலையமாகத் தொடங்கி, 1950 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது திருவனந்தபுரம் நிலையம். செம்மங்குடி கச்சேரி என்று பத்திரிகையில் நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டால், பெட்டி இல்லாத வீட்டார் பெட்டி இருக்கும் வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவது அந்நாளில் சகஜம்.

அந்த மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் வெகு காலம் இல்லாமலே இருந்தது. அது மாறியது 2006இல். மாற்றி வைத்தவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. அகாடமியில் படிக்க வந்த பெண், அறுபது ஆண்டுகளுக்குப் பின் மண்டபத்தில் பாட உட்கார்ந்தார். செம்மங்குடி அதைக் காண இருக்கவில்லை. ஆனால் அவர் காலத்துப் பாடம் அங்கே ஒலித்தது. பொன்னம்மாள் 2021 ஜூன் மாதம் காலமானார்.

ஐம்பத்தைந்துக்குப் பிறகு

1963இல் செம்மங்குடிக்கு 55 வயது நிறைந்தது. அரசு விதிப்படி ஓய்வு. சுமார் 23 ஆண்டுப் பொறுப்பை விட்டு இறங்கினார். அவருக்குப் பின் 1964இல் பிரின்சிபாலாக வந்தவர் ஜி.என். பாலசுப்பிரமணியம். கர்நாடக சங்கீதத்துக்கு இளமை மிடுக்கைக் கொண்டுவந்த ஜி.என்.பி., 1965 மே 1ஆம் தேதி காலமானார். அப்போது அவர் வயதும் 55தான். ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்த இரண்டு மேதைகளில் ஒருவருக்கு எந்த வயதில் ஆயுள் முடிந்ததோ, அந்த வயதில் மற்றவருக்கு இரண்டாவது வாழ்வு தொடங்கியது. ஆயுள் யார் கையிலும் இல்லை. கிடைத்த ஆயுளை என்ன செய்வது என்பது மட்டும்தான் மனிதன் கையில் இருக்கிறது.

ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பலருக்கு முதல் மாதம் விடுமுறை போல இருக்கும். ஆறு மாதத்தில் நாள் நகராது. "இனி என்ன" என்ற கேள்வி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும். செம்மங்குடிக்கு அந்தக் கேள்வி வந்ததாகத் தெரியவில்லை. மேடை இருந்தது, அதைவிட முக்கியமாக, கற்றுக்கொள்ள வந்தவர்கள் இருந்தார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.எம். தியாகராஜன், பி.எஸ். நாராயணசுவாமி, வி. சுப்பிரமணியம், பாலை சி.கே. ராமச்சந்திரன் என்று அவரிடம் பாடம் கேட்டவர்களின் வரிசை நீளமானது. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். பாடியபோது, செம்மங்குடியின் பாடாந்தரத்தையும் அந்தச் சபை கேட்டது எனலாம்.

1969இல் பத்மபூஷண், 1990இல் பத்மவிபூஷண். விருதுகள் ஒருபுறம் வந்துகொண்டிருக்க, அவர் பாடிக்கொண்டிருந்தார். தொண்ணூறு வயதை எட்டிய பிறகும் மேடை ஏறினார். மூச்சு குறைந்தபோது நீண்ட பிருகாக்களைக் குறைத்துக்கொண்டார். ராகத்தின் உயிரான பிடிகளை மட்டும் வைத்துக்கொண்டார். கரகரப்பைச் சமாளித்துக் குரலை வசப்படுத்தியவருக்கு முதுமையைச் சமாளிப்பது புதிய வித்தை அல்ல. 2003 அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் அவர் காலமானபோது வயது 95. மகாராஜா காலத்துச் சபைகளையும் தொலைக்காட்சி யுகத்தையும் ஒரே குரலால் இணைத்த வாழ்வு அன்று நிறைவுற்றது.

விட்டுச் சென்றது என்ன?

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் தொழிலாளி முதல் செக்ரடேரியட்டில் கோப்பு பார்க்கும் குமாஸ்தா வரை, வேறு மாநிலத்தில் பிழைப்புக்கு வந்த ஒவ்வொருவருக்கும் மனத்தில் ஒரு கணக்கு உண்டு. இவ்வளவு வருஷம் இங்கே உழைத்தோம், என்ன சேர்த்தோம்? ஊரில் ஒரு வீடு, பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்குப் படிப்பு என்று அந்தக் கணக்கு ஓடும். அது நியாயமான கணக்குதான்.

செம்மங்குடியின் வாழ்க்கையைப் பார்த்தால் அதோடு இன்னொரு கணக்கும் இருப்பது தெரிகிறது. நாம் பிழைக்க வந்த மண்ணுக்கு என்ன விட்டுச் செல்கிறோம் என்பது அது. அவர் தஞ்சையின் பாட்டைக் கொண்டுவந்து இங்கே விற்றுவிட்டுப் போகவில்லை. இந்த ஊர் மகாராஜா செய்த பாட்டை, இந்த ஊராரே மறந்துகொண்டிருந்த பாட்டை எடுத்துத் துடைத்து, ஸ்வரம் எழுதி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தார். ஆகவேதான் கேரளத்தவர் அவரை வெளியூர்க்காரர் என்று நினைப்பதில்லை.

ஸ்ரீவராகத்துப் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போய்விட்டார்கள். ஆபீஸ் முடிந்து தாளம் போட்டுக்கொண்டே வீடு வந்த அந்த அப்பாக்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் சேர்த்த சொத்து என்று காட்டுவதற்குச் சில வீடுகளில் அதிகம் இராது. ஒரு பழைய சுருதிப் பெட்டி, ஓரம் மடங்கிய சில கீர்த்தனைப் புத்தகங்கள், பேரப்பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்ட ராக ஞானம், இவ்வளவுதான் இருக்கும்.

அதைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. நாளெல்லாம் உழைத்து, மாலையில் சங்கீதம் கேட்டு, அந்த ருசியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் போன தகப்பன், தன் அளவில் செம்மங்குடி செய்ததையே செய்திருக்கிறார். நவராத்திரி நாட்களில் மாலை 6 மணிக்குக் கோட்டைக்கு வருபவர்கள் இப்போதும் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கலாம். வேட்டி கட்டி, மௌனமாக இருந்தால் போதும், டிக்கெட் கிடையாது.